பின்கயிறு

மலைக்கோயில் சாமி கண்டோபா எங்கள் வீட்டு மாப்பிள்ளை. மலைமேல் முதல் மனைவி இருக்க, ஆடு மேய்க்கிறவனாக வேஷம் போட்டு வந்து ஆடு மேய்க்கும் எங்கள் தங்கர் குலத்துப் பெண் பாணுவைக் கொண்டுபோனவர். அதனால் அவரைத் திட்டுகிற உரிமை எங்களுக்கு உண்டு. அந்த உச்சிக் கோயிலைக் கட்டத் தோளில் கல் சுமந்தவர்கள் எங்கள் முன்னோர். அந்தப் பாத்தியதையில்தான் திருவிழாவில் எங்கள் ஊர்க் கொடிக்கழி கோபுரக் கலசத்தை முதலில் தொடும். சாமிமேல் தூவிப் பிரசாதமாகத் தரும் முதல் மஞ்சளும் எங்களுக்கே.

பக்கத்து ஊருக்கு அது கண்ணை உறுத்தியது. இந்த ஆண்டு யார் கழி முந்துகிறதோ, இனி என்றைக்கும் அவர்களுக்கே முதல் மஞ்சள் என்று பெரியவர்கள் பேசி முடித்துவிட்டார்கள். சுமப்பது நான். கூரையைத் தாண்டும் கழி அது. நாலு பக்கமும் கயிறு பிடித்தால்தான் நிற்கும். பின்கயிறுதான் உயிர். அதை எங்கள் ஊரிலேயே வீட்டோடு மாப்பிள்ளையாக இருக்கும் அக்கா புருஷன் தகடூவிடம் கொடுத்தேன். வேறு யாரை நம்புவது?

கலசத்துக்கு ஒரு முழம் இருக்கும்போது பின்கயிறு தொய்ந்தது. கழி கலசத்தைத் தவறவிட்டு முன்னால் சாய, அடிப்பக்கம் எகிறி என் நெற்றியைக் கிழித்தது. நான் எழுவதற்குள் அவர்கள் கழி கலசத்தைத் தொட்டுவிட்டது.

அக்கா ஹௌசா என்னை மண்டப ஓரத்தில் உட்காரவைத்து முந்தானையால் ரத்தத்தைத் துடைத்தாள். கயிறு கையைவிட்டுப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டதென்று தகடூ தலையில் அடித்துக்கொண்டார். பாவமாக இருந்தது. ஆறுதல் சொல்லத்தான் அவர் கையைப் பிடித்தேன். உள்ளங்கை முழுக்க மஞ்சள். ஒரு கீறல்கூட இல்லை. அந்தப் பாரம் பிடுங்கியிருந்தால் தோல் உரிந்திருக்கும்.

“நீங்களா விட்டீங்க, மாமா?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். “அவங்க கழியச் சுமந்த பையனுக்குத்தான் எம் பொண்ணக் குடுக்கறதாப் பேசியிருக்கோம், மச்சான், இன்னும் வெளிய சொல்லல. முதல் மஞ்சள் வாங்குற ஊருக்குப் போகட்டுமேன்னு...”

வேஷம் போட்டு வந்த அந்த மாப்பிள்ளையே தேவலாம். அவர் கொண்டுபோனது ஒரு பெண்ணை மட்டும்தான்.

“எங்கக்கா மூஞ்சில எப்படி முழிப்பீங்க? அவளும் இந்த ஊர்ல பொறந்தவதான?”

தகடூ அக்காவைப் பார்த்தார்.

“அவர ஏண்டா வையற? நாந்தான் விடச் சொன்னேன்,” என்றாள் அக்கா.

துடைத்துக்கொண்டிருந்த கையை அவள் எடுக்கவில்லை. நான்தான் தட்டிவிட்டேன்.