பொலோனியத்துக்கு என்ன நிறம்

தனிம அட்டவணையில் போரானிடம் தொடங்கி செஞ்சி ராஜகிரி மலைப் படிக்கட்டு மாதிரி ஒரு கோடு இறங்கும். அதற்கு இடப்பக்கம் உலோகங்கள், வலப்பக்கம் அலோகங்கள். கோட்டினை ஒட்டி, இரண்டிலும் முழுதாகச் சேராத உலோகப்போலிகள். அந்தப் படிக்கட்டின் கடைசிப் படியில் இருக்கிறது பொலோனியம். வெண்மதியின் பிழைப்பில் மண்ணைப் போட வேறு தனிமமே கிடைக்கவில்லை போலும்.

வெண்மதி எம்.எஸ்ஸி. வேதியியல். செஞ்சிக் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை மடிக்கிறாள். பன்னிரண்டு வருடமாக ஆசிரியர் தேர்வு எழுதினாள். போன வருடம் கணவர் இராமச்சந்திரன், “இதான் கடைசி. இதோட வுட்டுடு,” என்றார். அவளும் தலையாட்டினாள்.

தேர்வுக்கு முதல் நாள், பயிற்சி வகுப்பில் கூடப் படித்த மோனிகா போன் செய்தாள். “அக்கா, பொலோனியம் உலோகமா, உலோகப்போலியா? ஒவ்வொரு புக்குல ஒவ்வொரு மாதிரி போட்டிருக்குது.”

“உலோகந்தான். ஆனா ஸ்கூல் புக்குல உலோகப்போலி. நீ அதையே எழுது. அத வெச்சுத்தான் திருத்துவாங்க.”

மறுநாள் அதே கேள்வி வந்தது. உபதேசம் ஊருக்குத்தானே! படித்த படிப்பு சும்மா விடுமா? தெரிந்தே எப்படித் தப்பாக எழுதுவது என்று, ‘உலோகம்’ என்ற விடையின் வட்டத்தைக் கறுப்பாக்கினாள் வெண்மதி. ஒரே ஒரு மதிப்பெண்ணில் வேலை போனது. ஆட்சேபம் அனுப்பிப் பார்த்தாள். பள்ளிப் புத்தகத்தில் இருப்பதே விடை என்று பதில் வந்தது.

மோனிகாவுக்கு வேலை கிடைத்தது. வெண்மதியின் மகள் அனு பத்தாவது படிக்கிற பள்ளியிலேயே.

இன்று சாயங்காலம் அனு சார்ட்டை விரித்து வைத்துக்கொண்டு உலோகத்துக்கு நீலம், அலோகத்துக்கு மஞ்சள், உலோகப்போலிக்குப் பச்சை என்று தீட்டிக்கொண்டிருந்தாள். ஒரு கட்டம் மட்டும் வெள்ளையாக இருந்தது.

“அம்மா, பொலோனியத்துக்கு இன்னா கலரு? டவுட்டு வந்தா உங்கம்மாவக் கேளு, அவங்களுக்குத் தெரியாததே இல்லன்னு மோனிகா மிஸ் சொன்னாங்க.”

மோனிகா குத்திக்காட்டுகிறவள் இல்லை, மனசாரத்தான் சொல்லியிருப்பாள். அதைத்தான் வெண்மதியால் தாங்க முடியவில்லை.

நீலப் பென்சிலை எடுத்தாள். பிறகு கீழே வைத்தாள். அனுவுக்கு மார்க்கு வேண்டும்.

“பச்ச போடு.”

“கரெக்டாம்மா?”

“கரெக்ட்டு.”

பரீட்சை ஹாலில் வராத பதில் இப்போது எவ்வளவு லேசாக வந்துவிட்டது! வெண்மதிக்கு அழக்கூடத் தெம்பில்லை.