அசனத்துச் சோறும் அடிவயிற்று வலியும்

சபையில் நடக்கும் அசன விருந்தில் யார் எவ்வளவு தின்றார்கள் என்பதை ஞானபாயைக் கேட்டால் போதும். அடுத்த வீட்டுத் தங்கபாய் மறுசோறு வாங்கியதைப் போன வருஷம் தெரு முழுக்கப் பரப்பியவள் அவள்தான். இந்த வருஷம் ஆட்டுக்கறிக் குழம்பு அவளையே கவிழ்த்துவிட்டது. வாங்கி வாங்கித் தின்றாள்.

மறுநாள் தொப்புளைச் சுற்றி வலி. சாயங்காலம் அது வலப்பக்க அடிவயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டது. தின்ற பாவம் என்று முடிவுகட்டி, ஒருவருக்கும் தெரியாமல் விளக்கெண்ணெய் குடித்தாள். கூனிக்கூனி நடப்பதைப் பார்த்துக் கணவர் ஜெபசீலன் கேட்டதற்கு, "இடுப்புப் பிடிப்பாக்கும்" என்றாள். வைத்தியரிடம் போனால் என்ன தின்றாய் என்று கேட்பார். வைத்தியர் வீட்டுச் சுவருக்குக் காது உண்டு. அதில் ஒரு காது அவளுடையதே.

அடுத்த நாள் வலி சட்டென்று விட்டது. தன் கெட்டிக்காரத்தனத்தைத் தானே மெச்சிக்கொண்டாள். ஒரு சுளவு அரிசி புடைத்து முடிக்குமுன் காய்ச்சல் ஏறியது, வாந்தி நிற்கவில்லை, வயிறு பலகைபோல இறுகிவிட்டது. பார்த்த தங்கபாய்தான் வில்வண்டி பிடித்து, ஜெபசீலனோடு ஆஸ்பத்திரிவரை கூடவே வந்தாள்.

டாக்டர் வயிற்றை மெல்ல அமுக்கிப் பார்த்தார். "பேதிக்கு ஏதாவது குடிச்சீங்களா? மறைச்சா உயிருக்கு ஆபத்து."

ஞானபாய் தங்கபாயைப் பார்த்தாள். உயிரா மானமா என்று யோசித்தாள். அதற்குப் போய் அவ்வளவு நேரம் யோசித்தது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

"விளக்கெண்ணெய் குடிச்சேன் டாக்டரே. அசனத்துல மூக்குமுட்டத் தின்னுட்டேன்."

"சோறு ஒண்ணும் செய்யல்ல. குடல்வால் சீழ்பிடிச்சிருக்கு. எண்ணெய் குடலைக் கிளப்பிவிட்டதுல அது வெடிச்சு, சீழ் வயிறெல்லாம் பரவியிருக்கு. உடனே கீறணும்."

குளோரோபாம் தெளிந்தபோது வயிற்றிலிருந்து ஒரு ரப்பர் குழாய் சீழை வடித்துக்கொண்டிருந்தது. முதுகுக்குத் தலையணை அடுக்கி உட்காரவைத்திருந்தார்கள். வாய்க்குச் சொட்டுத் தண்ணீர் கிடையாது. வடிய வேண்டியது வடிந்தால் பிழைப்பாள் என்றார் டாக்டர். ஜெபசீலன் ஜெபித்தார்.

வடிந்தது. காய்ச்சலும் இறங்கி, கஞ்சித்தண்ணீர் குடிக்கும் நிலைக்கு வந்ததும் தெருவே பார்க்க வந்தது. வாசலில் நின்ற தங்கபாய், "அதாக்கும் விசயம், இவ அசனத்துல..." என்று தொடங்கினாள்.

"ஏட்டி, நீ சும்மா இரி. உனக்குச் சொல்லத் தெரியாது," என்றாள் ஞானபாய். தன் கதையை இன்னொருத்தி சொல்லிக் கெடுப்பதா? அசனத்தில் ஆட்டு நெஞ்செலும்பை இலையில் எடுத்துப்போட்டதிலிருந்து ஆரம்பித்தாள். தையல் பிரியும் என்று நர்ஸம்மா வந்து வாயைப் பொத்தும்போது, விளக்கெண்ணெயைப் பாட்டிலோடு வாயில் கவிழ்த்த இடத்துக்குத்தான் வந்திருந்தாள்.