கேட்காமல் விட்டது

கோடையின் முதல் நாள் என்று பஞ்சாங்கத்தில் போட்டிருந்தது. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. எங்கள் வடகோடித் தீவின் கடலோரத்தில் கோடை இந்த லட்சணத்தில்தான் பிறக்கும். அன்றைக்குத்தான் நாங்கள் ஃப்ரிக் தாய்க்கு மதுக்கொம்பு எடுப்போம். ஊரில் முக்கால்வாசிப் பேர் தேவாலயத்துக்குப் போகிறவர்கள். பழைய தெய்வங்களோடு இருக்கிற நாலைந்து வீடுகளில் என் தம்பி வீடும் ஒன்று. அங்கே சடங்கை நடத்தி வைப்பது நான். தம்பி மீன்பிடிக் கப்பலில் இருந்தான். வீட்டில் இருந்தாலும் வாயைத் திறக்கிற ஆள் இல்லை.

நான் போனபோது தம்பியின் இளைய மகன் சிந்த்ரி சமையலறையில் கறி நறுக்கிக்கொண்டிருந்தான். இருபது வயது. கதவோரம் அவன் பை கட்டித் தயாராக இருந்தது. மறுநாள் காலை விமானத்தில் நார்வே போகிறானாம், அங்கே மீன் பண்ணையில் வேலையாம். அம்மாவிடம் சொன்னாயா என்றேன். இல்லையென்று தலையை ஆட்டினான்.

"இன்னிக்கு கொம்பக் கையில வெச்சுக்கிட்டு அம்மா என் பேரச் சொன்னா, நான் போகல அத்தை. சொல்லலேன்னா போறேன். அவ்வளவுதான்."

அந்தச் சடங்கு இதுதான். ஃப்ரிக் தன் மகன் பால்டருக்காக நெருப்பு, இரும்பு, கல், நோய் என்று உலகத்தில் உள்ள எல்லாவற்றிடமும் போய், இவனைத் தொட மாட்டேன் என்று வாக்கு வாங்கினாள். புல்லுருவியை மட்டும் சின்னஞ்சிறு செடிதானே என்று விட்டுவிட்டாள். பால்டரின் கண் தெரியாத தம்பி கையில் அந்தச் செடியையே அம்பாக்கி யாரோ கொடுக்க, அவன் விளையாட்டென்று நினைத்து எறிய, அண்ணன் விழுந்தான். ஆகவே எங்கள் வீட்டுத் தாய்மார்கள் தேன்மது நிறைந்த கொம்பைப் பிடித்துக்கொண்டு, ஒன்றையும் விடாமல் தொட்டுத் தொட்டு, பிள்ளை பேரைச் சொல்லி வாக்கு கேட்பார்கள். கூட நிற்பவர்கள் அந்தப் பொருளுக்காக, "தொட மாட்டேன்" என்று பதில் சொல்ல வேண்டும்.

போன வருஷம் தம்பி மனைவி எய்வோர் மூத்தவன் காரிக்காகக் கேட்டாள். அவன் கடலுக்குப் போகிறவன் அல்லவா. அடுப்பு, கத்தி, வலை, கொக்கி, கரைக்குப் போய்க் கடல் வரைக்கும் கேட்டாயிற்று. கடைசியில் முற்றத்தில் நின்ற காரைத் தொடப் போனாள். எனக்குக் கால் விறைத்துப் போயிருந்தது. அது நம் சிந்த்ரி ஓட்டுகிற வண்டி, அதனிடம் போய் என்ன கேட்பது, உள்ளே வா என்று நான்தான் சொன்னேன். அவளும் சிரித்துக்கொண்டே வந்துவிட்டாள். முப்பது வருஷம் அந்தக் கதையைச் சொன்ன வாய் இது. பத்தாம் நாள் காரியின் கப்பல் பக்கத்துத் துறையில் நின்றது. அண்ணனை அழைத்துவரப் போன சிந்த்ரி மலைச்சாலையில் பனிக்கட்டியில் வழுக்கினான். சிந்த்ரிக்குத் தோள் எலும்பு முறிந்தது. காரிக்கு அங்கேயே உயிர் போய்விட்டது.

இந்த முறையும் எய்வோர் கொம்பை வாங்கிக்கொண்டாள். அடுப்பைத் தொட்டாள். "என் வீட்டைத் தொடாதே" என்றாள். மகன் என்ற சொல் வரவில்லை. நானும் சிந்த்ரியும் அடுப்புக்காகப் பதில் சொன்னோம். கத்திக்குச் சொன்னோம். மாடிப்படிக்கும் மின்கம்பிக்கும் சொன்னோம். ஒவ்வொன்றிலும் என் வீடு, என் வீடு என்றே போனாள். சிந்த்ரியின் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. அவளைப் பிடித்து உலுக்க வேண்டும் போல எனக்கு ஆத்திரம் வந்தது.

முற்றத்துக்கு வந்தோம். கார் நின்ற இடம் வெறுமையாகக் கிடந்தது. எய்வோர் அங்கே நின்றுவிட்டாள். இனியும் என்னால் அடக்க முடியவில்லை. அன்றைக்கு வேண்டாம் என்று தடுத்தது நான், வெறுப்பதென்றால் என்னை வெறு என்றேன்.

"தெரியும் அண்ணி," என்றாள். "உங்கள வெறுத்துப் பாத்தேன். நீங்க சாயங்காலமானா உங்க வீட்டுக்குப் போயிடறீங்க. இவன்தான் கைக்கெட்டுற தூரத்துல இருந்தான்."

சிந்த்ரி அவள் முன்னால் போய் நின்றான். அவள் பார்வை அவன் தோளைத் தாண்டிப் போயிற்று. ஒரு வருஷமாக அப்படித்தான். சாப்பாடு வைப்பாள், துணி துவைத்துப் போடுவாள், முகத்தைப் பார்க்க மாட்டாள்.

"எல்லாத்தையும் கேட்டுட்ட. ஒண்ண விட்டுட்டம்மா."

"எத?"

"உன்ன. என்னத் தொட மாட்டேன்னு உன்கிட்ட நீயே வாக்கு கேளு."

அடுப்புக்குப் பதில் சொன்ன நாங்கள் இதற்கு எப்படிச் சொல்வது? அவளேதான் சொல்ல வேண்டும். கொம்பைப் பிடித்துக்கொண்டு பொய் சொல்வது எங்கள் வழக்கத்தில் இல்லை. எய்வோர் இடக்கையை மார்பில் வைத்தாள். பனி அவள் முடியில் விழுந்து தங்கிக்கொண்டிருந்தது. ஒரு வார்த்தை, பெண்ணே, ஒரே ஒரு வார்த்தை என்று நான் உள்ளுக்குள் கெஞ்சினேன்.

"முடியலடா," என்றாள். "இன்னும் முடியல."

சிந்த்ரி சரியென்று தலையை ஆட்டினான். அவனுக்குக் கோபம் வந்ததாகத் தெரியவில்லை. பையை எடுக்க வீட்டுப் பக்கம் திரும்பினான்.

"அடுத்த வருஷம் கேளு," என்றாள் அவள், அவன் முதுகிடம்.

"அடுத்த வருஷம் நான் எங்க இருப்பேனோ."

"கேக்கறதுக்கு நீ இங்க இருக்கணும்ல, சிந்த்ரி."

அந்தப் பேரை அவள் வாயால் கேட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது. கொம்பு இன்னும் அவள் கையில்தான் இருந்தது. அவன் நின்றான். அவள் கொம்பில் இருந்ததை அந்த வெற்றிடத்தில் ஊற்றினாள். பனியில் மஞ்சளாக ஒரு குழி விழுந்தது.

மறுநாள் விமானம் அவன் இல்லாமல் போனது. காலையில் நான் போனபோது கதவோரம் பை அவிழ்க்கப்படாமலே கிடந்தது. எய்வோர் அவனுக்குக் கஞ்சி வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அடுத்த கொம்புக்கு இன்னும் முந்நூற்று அறுபத்துச் சொச்சம் நாள் இருந்தது.