குழியில் போட்ட மாவு

மணப்பட்டு மாரியம்மாள் பாகூர் கடைத்தெருவுக்குக் கூடை தூக்கி வராத நாள், கடலில் கட்டுமரம் இறங்காத நாளாகத்தான் இருக்கும். புருஷனைக் கடலுக்குக் கொடுத்த பிறகு மீன் விற்றே ஒரே மகள் குப்புவை வளர்த்து, உள்ளூரிலேயே கட்டியும் கொடுத்துவிட்டாள். ஏகநாதனின் மளிகைக் கடைக்கு எதிரே, வாய்க்கால் மதகின் ஓரம் அவள் உட்காரும் இடம். கடை ஏகநாதன் பெயரில் இருந்ததே தவிர, சாவிக்கொத்து அவர் பெண்சாதி கோகிலாம்பாளின் இடுப்பில்தான் தொங்கியது. அந்த அம்மாள் வைத்ததுதான் அங்கே சட்டம்.

யாரையும் எட்டவே நிறுத்திப் பேசும் கோகிலாம்பாளுக்கு மாரியம்மாளிடம் மட்டும் ஒரு வாஞ்சை. போன வருஷம் அவள் மகன் கனகராஜுக்கு அம்மை கண்டு கண் திறக்க முடியாமல் கிடந்தபோது, மணப்பட்டு செல்லியம்மன் கோயிலிலிருந்து தினமும் வேப்பிலையும் தீர்த்தமும் கொண்டுவந்து கொடுத்தவள் மாரியம்மாள். பையன் பிழைத்தான். "வர்ற ஆடிக்கு ஒன் கோயில் கூழுக்கு மூணு மூட்ட கேவுரு மாவு என்னுதுடி" என்று கோகிலாம்பாள் அன்றைக்கே வேண்டிக்கொண்டாள்.

எழுபத்தொன்றாம் வருஷம் ஆடி பிறக்கும் சமயத்தில்தான் அந்த வம்பு வந்தது. புது நெல் ரகங்கள் வந்த பிறகு ஏகநாதன் கடையில் மளிகையோடு பூச்சி மருந்தும் விற்றார்கள். கிடங்குப் பரண்மேல் இருந்த எண்ட்ரின் டின் ஒன்று ஒழுகி, கீழே அடுக்கியிருந்த கேழ்வரகு மாவு மூட்டைகளில் இறங்கியது. யாரும் கவனிக்கவில்லை. அந்த மாவை வாங்கிப்போய்க் களி கிண்டித் தின்ற சோரியாங்குப்பத்துக் குடும்பம் ஒன்று, தின்ற கை காயுமுன்னே மொத்தமாக வலிப்பு வந்து விழுந்தது. வாயில் நுரை, கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. பாண்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். எல்லோரும் பிழைத்துக்கொண்டார்கள்.

விஷயம் தெரிந்ததும் சுகாதார இன்ஸ்பெக்டர் சிவப்பிரகாசம் ஏகநாதன் கிடங்குக்கு வந்து நின்றார். ஒரு பிடி மாவை எடுத்து முகர்ந்தார். மண்ணெண்ணெய் வாடை குப்பென்று அடித்தது. அன்று மத்தியானமே பாகூர் தெருக்களில் தண்டோரா போட்டார்கள்.

"ஏகநாதன் கடையில கேவுரு மாவு வாங்குனவங்க அத்தத் தின்னக் கூடாது, மாட்டுக்கும் வைக்கக் கூடாது! மிச்சம் மீதிய கடையிலயே கொண்டாந்து திருப்பிக் குடுத்துடணும், சாமியோவ்!"

பெண்கள் முறத்திலும் அடுக்குப் பானையிலும் மாவைக் கொண்டுவந்து கொட்டினார்கள். ஏற்கெனவே ஒரு வேளை தின்றவர்கள் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு கோகிலாம்பாளை மண்ணை வாரித் தூற்றினார்கள். கிடங்குக்குப் பின்னால் இன்ஸ்பெக்டர் ஆள் விட்டுக் குழி தோண்டி, மூட்டைகளை இறக்கி, மண் மூடும் வரை நின்று பார்த்துவிட்டுப் போனார். வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்த கூட்டத்தில் மாரியம்மாளும் இருந்தாள்.

ஒரு வாரம் போயிற்று. மாரியம்மாள் கூடையை இறக்கும்போதே கோகிலாம்பாள் கூப்பிட்டாள்.

"மாரி, வெள்ளிக்கிழமதானே ஒங்க ஊர்ல கூழு? மாவு தயாரா இருக்குது. வண்டியில ஏத்தி வுடறேன்."

மாரியம்மாள் தயங்கினாள். "யம்மா, கோவிச்சுக்காதீங்க. அந்த மாவு..."

"எந்த மாவுடி?" கோகிலாம்பாளின் குரல் தணிந்தது. "அதான் குழியில போட்டு மூடியாச்சே, நீயுந்தானே பார்த்துக்கினு நின்ன? இது திருக்கனூர் மண்டியில சாமிக்குன்னு தனியா வாங்கியாந்து அரச்சது. ஆத்தாளுக்குப் போறதுல நான் வெளையாடுவனா? எம்புள்ளைய குடுத்தவடி அவ."

கோகிலாம்பாள் அவிழ்த்துக் காட்டிய மூட்டையில் கைவிட்டு மாரியம்மாள் மாவை அள்ளி முகர்ந்தாள். வெயிலில் காய்ந்த மாவு வாசனை மட்டும்தான். அந்த அம்மாளின் கண் கலங்கியிருப்பதைப் பார்த்து, கேட்டிருக்கவே கூடாது என்று மனசு கூசினாள்.

"கடைத்தெருப் பக்கம் ஏத்த வேணாம். சாமி காரியம், நாலு கண்ணு படும்" என்று கோகிலாம்பாள் கிடங்கின் பின்வாசலில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். கடை வண்டிக்காரன் சம்மந்தம் மூட்டைகளை ஏற்றினான். எப்போதும் வாய் ஓயாமல் பேசுகிறவன் மணப்பட்டு போய்ச் சேரும் வரை மாட்டைக்கூட அதட்டவில்லை. பல்வலி போல என்று மாரியம்மாள் நினைத்துக்கொண்டாள்.

மூட்டைகள் இறங்கியதும் ஊருக்குத் தலைவரான நாட்டார் பச்சையப்பனே எழுந்து வந்தார். "பரவால்லடி மாரி, ஆம்பளைங்க நாங்க பண்ணாதத்த பண்ணிட்ட" என்றார். அந்த ஒரு வார்த்தையில் மாரியம்மாளுக்குப் பத்து வயசு குறைந்தது. அவளும் குப்புவும்தான் மாவைக் கரைத்துப் புளிக்க வைத்தார்கள். வெள்ளிக்கிழமை காலை நொய்யைப் போட்டுக் காய்ச்சும்போது, முழுகாமல் இருந்த குப்பு துடுப்பை விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டாள்.

"ஆத்தா கூழு கிண்டுனா ஆம்பளப் புள்ள பொறக்குமாம்மா?"

"எதுவோ ஒண்ணு நல்லபடியா பொறக்கட்டும். நெருப்புக்கிட்ட நிக்காத, தள்ளு."

படையல் முடிந்து கூழ் ஊற்ற ஆரம்பித்தார்கள். மாரியம்மாள் தன் கையாலேயே ஊற்றினாள். முதல் குவளை நாட்டாரின் கடைசிப் பெண்ணுக்கு. இரண்டாவது, கிண்டிக் களைத்து உட்கார்ந்திருந்த குப்புவுக்கு. கருவாட்டைக் கடித்துக்கொண்டு குப்பு இன்னொரு குவளை கேட்டாள். ஊற்றினாள்.

வரிசை பாதிகூட நகரவில்லை. நாட்டாரின் பெண் நின்ற இடத்திலேயே விழுந்தது. சாமி வந்துவிட்டது என்று யாரோ குலவை போட்டார்கள். பம்பைக்காரன் இன்னும் வேகமாக அடித்தான். பக்கத்தில் ஒரு கிழவர் விழுந்தார், வலையோடு வந்த இரண்டு பேர் விழுந்தார்கள். குலவை போட்டவளே வாயில் நுரை தள்ளிச் சரிந்ததும்தான் பம்பை நின்றது. "குடிக்காதீங்க, கொட்டுங்க!" என்று கத்திக்கொண்டே மாரியம்மாள் பானையைக் கவிழ்த்தாள். திரும்பிப் பார்த்தபோது குப்பு அடுப்பு ஓரம் மல்லாந்து கிடந்தாள். குதிகால் மண்ணை உதைத்து உதைத்துக் குழி பறித்துக்கொண்டிருந்தது.

லாரி பிடித்துப் பாண்டிக்குக் கொண்டுபோனார்கள். நாட்டாரின் பெண் வழியிலேயே அடங்கிவிட்டது. கிழவர் மறுநாள். குப்பு பொழுது சாயும்வரை இழுத்துக்கொண்டிருந்து, வயிற்றில் இருந்ததையும் கூட்டிக்கொண்டு போனாள். மற்றவர்கள் பிழைத்தார்கள்.

மகளைப் புதைத்த கையோடு மாரியம்மாள் இன்ஸ்பெக்டர் சிவப்பிரகாசத்திடமும் நாட்டாரிடமும் சொன்னாள். "பாகூர் கோகிலாம்பா குடுத்த மாவு. வாங்க, நேரா கேப்போம்."

ஊரே திரண்டு போயிற்று. கோகிலாம்பாள் வாசலுக்கு வந்தாள். மாரியம்மாளைப் பார்த்ததும் நெஞ்சில் கை வைத்தாள்.

"ஐயோ மாரி, குப்பு போயிட்டாளாமே! கேட்டதுலேருந்து எனக்குச் சோறு எறங்கலடி."

"மாவு யாரு குடுத்ததுன்னு சொல்லுங்கம்மா."

"எந்த மாவு?"

"நீங்க வேண்டிக்கினு குடுத்த மாவு!"

"வேண்டிக்கினது வாஸ்தவம். இந்தக் கஷ்டத்துல எங்கேருந்துடி குடுப்பேன்? அடுத்த வருஷம் செய்யறேன்னு ஒங்கிட்டதானே சொல்லி அனுப்புனேன்?" சொல்லிவிட்டு அவளே இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினாள். "சார், எனக்கு ஒரு சந்தேகமா இருக்குது. பின்னாடி வேலி பிரிஞ்சு கெடக்குது. அந்தக் குழியக் கொஞ்சம் பாருங்க."

குழியைத் தோண்டினார்கள். உள்ளே வெறும் மண்ணும் ஒரு கிழிந்த சாக்கும்தான்.

மாரியம்மாளுக்கு அந்த நிமிஷத்தில்தான் எல்லாம் புரிந்தது. இன்ஸ்பெக்டர் தலை மறைந்ததும் மூட்டைகள் மேலே வந்திருக்கின்றன. வாடை போகக் காயவைத்து, சாக்கு மாற்றி, சாமிக்கு அளந்துவிட்டார்கள். நல்ல மாவைக் கொடுக்க மனசு வரவில்லை, வேண்டுதலைக் கைவிடவும் பயம். சோரியாங்குப்பத்தில்தான் யாரும் சாகவில்லையே.

"சம்மந்தம்! சம்மந்தத்தக் கேளுங்க! அவன்தான் வண்டி ஓட்டுனான்!" என்று அலறினாள்.

சம்மந்தம் வந்து நின்றான். தலைத்துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி சொன்னான். "வேலியோரம் மூட்ட கெடந்துச்சு. ஏத்தச் சொல்லுச்சு இந்த அக்கா. கடையில குடுத்ததுன்னு நெனச்சேன்."

"எலேய்!" என்று மாரியம்மாள் பாய்ந்தாள். இரண்டு பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். கோகிலாம்பாள் உள்ளே போய் ஒரு புதுப் புடவையைக் கொண்டுவந்து நீட்டினாள். "அவள ஒண்ணும் பண்ணிடாதீங்க. பொண்ணப் பறிகுடுத்தவ."

போலீஸ் வந்து எல்லோரையும் விசாரித்தது. கண்ணால் பார்த்த சாட்சி இல்லாததால் வழக்கு அப்படியே கிடந்தது. ஆனால் ஊருக்குச் சாட்சி வேண்டியிருக்கவில்லை. கோயில் முன்னால் பஞ்சாயத்து கூடியது. மகளை இழந்த பச்சையப்பன் மாரியம்மாளின் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்.

"தண்டோரா ஒன் காதுல வுழுந்துச்சா?"

"வுழுந்துச்சு."

"குழி வெட்டுன எடத்தப் பார்த்தியா?"

"பார்த்தேன்."

"பார்த்தும் அந்த வூட்டுலேருந்து மாவு கொண்டாந்த."

"அந்த அம்மாதான் சத்தியமா குடுத்துச்சு. திருட்டு மாவுன்னா எம்பொண்ணுக்கு ஊத்துவனா?"

"அவ்ளோ வெஷம்னு ஒனக்குத் தெரியல. ஊரு முன்னாடி பெரிய மனுஷி ஆவணும்னு ஆச" என்றாள் நாட்டாரின் பெண்சாதி காசம்மாள். கூட்டம் அதைப் பிடித்துக்கொண்டது. பொய் சொல்லத் தெரியாமல் மாரியம்மாள் சொன்ன இரண்டு உண்மையும் அவள் கழுத்தைச் சுற்றின.

ஊர் விலக்கு. யாரும் நெருப்பு கொடுக்கக் கூடாது, தண்ணீர் மொள்ள விடக் கூடாது, அவள் கூடைக்கு மீன் போடக் கூடாது. குப்புவின் கருமாதிக்குக்கூட மருமகன் அவளைச் சேர்க்கவில்லை. வாசலில் வந்து நின்றவளைப் பார்த்து, "இன்னும் யாரு பாக்கி?" என்று கேட்டான். அவள் ஊருக்கு வெளியே சவுக்குத் தோப்பில் ஓலை மறைத்து உட்கார்ந்தாள். கருவாட்டுக் குப்பை பொறுக்கி, கிளிஞ்சல் அரித்துக் காலம் தள்ளினாள்.

மறு ஆடி வந்தது. செல்லியம்மன் கோயிலில் பம்பைச் சத்தம் கேட்டது. பாகூரிலிருந்து வண்டி வந்திருப்பதாகத் தோப்பில் சருகு அரித்த பெண்கள் பேசிக்கொண்டார்கள். கோகிலாம்பாள் தன் வேண்டுதலைத் தானே நேரில் வந்து தீர்க்கிறாளாம், செத்த வீடுகளுக்கெல்லாம் புடவை எடுத்து வந்திருக்கிறாளாம்.

மாரியம்மாள் எழுந்தாள். ஊர் எல்லையைத் தாண்டிக் கோயிலுக்குள் நடந்தாள். தடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றுமுன் கூழ்ப்பானைக்கு முன்னால் போய் நின்றுவிட்டாள்.

"யாரும் குடிக்காதீங்க! மொதல்ல அவ குடிக்கட்டும்! அவ புள்ள குடிக்கட்டும்!"

நாட்டார் கையை ஓங்கினார். கோகிலாம்பாள் அவரைத் தடுத்தாள்.

"வுடுங்க. அவ கேக்கறது நாயந்தான்."

குவளையை வாங்கினாள். நிறைய ஊற்றச் சொன்னாள். எல்லோரும் பார்க்க நிதானமாகக் குடித்தாள். கனகராஜுக்கும் ஒரு குவளை கொடுத்தாள். அவனும் குடித்துவிட்டு வாயைத் துடைத்தான். பிறகு அம்மாளும் மகனும் மண்ணில் சப்பணம் போட்டு உட்கார்ந்தார்கள். ஊரே காத்திருந்தது. அம்மன் தலையிலிருந்த பூ வாடியது. மாரியம்மாள் அந்தப் பையனின் கையையும் காலையும் வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். வெட்டி இழுக்க வேண்டும், நுரை தள்ள வேண்டும் என்று தன் மனசு கெஞ்சுவது அவளுக்கே கேட்டது. தானே வேப்பிலை கொண்டுபோய்ப் பிழைக்க வைத்த பையன். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தத் தடவை மாவு நல்ல மாவு.

"போதுமா மாரி?" என்றாள் கோகிலாம்பாள். குரலில் கோபமே இல்லை.

அதற்குப்பின் நடந்ததை மணப்பட்டில் யாரும் பெருமையாகச் சொல்வதில்லை. காசம்மாள்தான் முதலில் மண்ணை வாரி எறிந்தாள். பெண்கள் தலைமயிரைப் பிடித்து எல்லைவரை இழுத்துக்கொண்டு போனார்கள். மருமகனும் அந்தக் கூட்டத்தில் இருந்தான். தோப்பிலிருந்த ஓலையைக் கொளுத்திவிட்டுத் திரும்பி வந்து கூழ் குடித்தார்கள்.

பாகூர் போகும் சாலையில், முட்டி கிழிந்து நடந்துகொண்டிருந்தவளுக்குப் பக்கத்தில் ஒரு வண்டி வந்து நின்றது. சம்மந்தம். கோகிலாம்பாளும் மகனும் கோயிலில் விருந்துக்குத் தங்கிவிட்டதால் காலி வண்டி.

"ஏறுக்கா. கடலூர் பஸ்சுல ஏத்தி வுடறேன்."

மாரியம்மாள் நின்றாள். "மூட்டைய குழியிலேருந்து எடுத்தது நீதானே?"

அவன் மாட்டின் முதுகைத் தடவினான். "இன்ஸ்பெக்டர் போன அன்னிக்கே எடுத்தோம். மாடியில காய வச்சுது அந்த அம்மா. நாலு புள்ளைங்கக்கா எனக்கு."

"இப்ப வா. ஊருக்குள்ள வந்து அந்த ஒரு வார்த்தைய சொல்லு."

சம்மந்தம் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டான். பிறகு மாட்டைத் தட்டினான். வண்டி நகர்ந்தது. கொஞ்ச தூரம் போய், இறங்கி, கோயிலில் ஊற்றிக் கொடுத்த கூழ்த் தூக்கை வண்டியிலிருந்து எடுத்துச் சாலை ஓரத்தில் அவளுக்காக வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனான்.

அவள் முந்தின நாள் மத்தியானம் சாப்பிட்டதுதான். வெயில் மண்டையைப் பிளந்தது. அது நல்ல மாவு என்று அவள் கண்ணாலேயே பார்த்துவிட்டாள். தூக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மூடியைத் திறந்து, இரண்டு கையாலும் தூக்கிக் குடித்தாள்.