சிரிப்பு என்று போட்ட இடம்

ஆஸ்பத்திரியில் கேட்ட அடையாள அட்டை கணவரின் கைப்பையில் எந்த அறையிலும் அகப்படவில்லை. கடைசியில் அவள் பையையே கட்டில்மேல் கவிழ்த்தாள். மூக்குக்கண்ணாடிக் கூடு, இருமல் மிட்டாய், நசுங்கிய பேருந்துச் சீட்டுகள், பாதி தேய்ந்த சிவப்புப் பென்சில், பழுப்பு நிறத்தில் ஓர் உறை. உறைக்குள் அட்டை இருந்தது. கூடவே நான்கு தாள்களும் இருந்தன.

"நம்பரை மட்டும் படிங்கம்மா, போதும்" என்றான் மகன் தொலைபேசியில்.

படித்தாள்.

"இன்னும் ரெண்டு கையெழுத்துதான் பாக்கி. நாலரைக்கு ஆம்புலன்ஸ்ல அப்பாவைக் கூட்டிட்டுக் கிளம்பிருவோம். நீங்க ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"ம்" என்று பொய் சொன்னாள்.

காலை எட்டு மணிக்கு அவர் மேசைமுன் உட்கார்ந்து இந்தத் தாள்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "என்னமோ மாதிரி இருக்கு" என்று தாள்களை உறையில் போட்டுப் பையில் வைத்தார். ஒன்பதுக்கு அவர் இல்லை. அறுபத்தாறு வயது, ஒரு மணி நேரத்தில் தீர்ந்துபோயிற்று.

தாள்கள் என்னவென்று அவளுக்குப் படிக்காமலே தெரியும். சட்டசபையில் ஓர் உறுப்பினர் பேசியதைப் பதிவுப் பிரிவில் தட்டச்சு செய்து மறுநாளே அவருக்கு அனுப்புவார்கள். பிழை இருந்தால் திருத்தி, கையெழுத்திட்டு, மூன்றாம் நாள் மாலை ஐந்துக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும். தவறினால் இருப்பது இருக்கிறபடியே அச்சாகிவிடும். இன்று மூன்றாம் நாள். சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்றரை.

நான்கு தாளிலும் அடியில் கையெழுத்து இருந்தது. அதில் ஆச்சரியம் இல்லை. முதலில் கையெழுத்து, அப்புறம்தான் படிப்பது என்பது அவர் வழக்கம். ஒருமுறை கையெழுத்தில்லாமல் அனுப்பித் திரும்பி வந்ததிலிருந்து அப்படி. "படிக்காம கையெழுத்துப் போடத்தான் ஜனங்க உங்களை அனுப்பினாங்களா?" என்று இவள் கேட்பாள். "மறந்துருவேன்ல" என்பார்.

பதினான்கு வருடம் கடைசி வரிசையில் உட்கார்ந்தவர். எல்லாரும் சாப்பிட எழுந்திருக்கும் நேரமாகப் பார்த்து அவருக்கு இரண்டு நிமிடம் கிடைக்கும். எந்த விவாதமாக இருந்தாலும் அதற்குள் தன் தொகுதியின் ரயில்பாதைக்கு ஒரு நடைபாலம் கேட்டுவிடுவார். மீன்வளம் என்றால், மீன்கூடைக்காரிகள் தண்டவாளத்தைத் தாண்டித்தானே வர வேண்டும் என்பார். விளையாட்டு என்றால், நம் பெண்கள் தினமும் கூட்ஸ் வண்டிக்கு அடியில் குனிந்து ஓடுகிறார்களே, அவர்களுக்கு ஒரு பதக்கமாவது கொடுங்கள் என்பார். சபையில் அவருக்குப் பெயரே 'பாலம்'. "பாலம் எழுந்துட்டாரு, வாங்க சாப்பிடப் போலாம்" என்பார்களாம். அதையும் வீட்டுக்கு வந்து அவரே சொல்லிச் சிரிப்பார்.

வீட்டில் ஒத்திகை நடக்கும்போது இவள்தான் சபாநாயகர். சமையலறைக் கடிகாரத்தில் இரண்டு நிமிடம் ஆனதும் கரண்டியால் பாத்திரத்தில் தட்டுவாள். ஒருநாளும் அவர் அந்தத் தட்டலுக்கு முன்னால் முடித்ததில்லை. "ஒரே ஒரு வரி, தலைவர் அவர்களே" என்று கெஞ்சுவார்.

மூன்றாம் தாளில் ஓர் இடத்தில் சிவப்புப் பென்சில் பட்டிருந்தது. '(சிரிப்பு)' என்று தட்டச்சு செய்திருந்ததைச் சுற்றி ஒரு வட்டம். ஓரத்தில் ஒன்றும் எழுதவில்லை. எழுதுவதற்குள் 'என்னமோ மாதிரி' ஆகிவிட்டது.

அந்த இடத்தில் என்ன இருந்திருக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். முந்தாநாள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து நின்று சொன்னார். "மந்திரி சொல்லிட்டாரு. இந்த வருஷமே கட்டித் தர்றோம்னு சொல்லிட்டாரு. மைக் இல்லாம உட்கார்ந்தபடியே சொன்னாரு. ஆனா சொன்னாரு."

"நீங்களா நினைச்சுக்கிட்டீங்களோ என்னவோ" என்றாள் இவள். மந்திரி தலையை ஆட்டினால், ஏன், இருமினால்கூட, பாலம் வந்துவிட்டதாக நினைக்கிற மனிதர். எத்தனை தடவை பார்த்தாயிற்று! அவர் முகம் சுருங்கியது. "எழுத்துல வரும், அப்ப பாரு" என்று சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றப் போனார்.

எழுத்தில் சிரிப்புதான் வந்திருந்தது. மந்திரி சொன்னது பதிவில் ஏறினால் அது வாக்குறுதி. அதைச் செய்து முடிக்கும்வரை விடாமல் கேட்பதற்கென்றே சபையில் ஒரு குழு இருக்கிறது. ஏறாவிட்டால் அது காற்றோடு போன பேச்சு. பதினான்கு வருடமும் அந்த அடைப்புக்குறிக்குள் மாட்டிக்கொண்டிருந்தன.

அவள் புடவையைச் சரிசெய்துகொண்டு, சிவப்புப் பென்சிலைத் தன் பையில் போட்டு, உறையைக் கையில் எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். வாடகை நாற்காலிகள் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. அவருடைய அக்கா, இவளுக்கு நாத்தனார், அவற்றை எந்தப் பக்கம் போடுவது என்று ஆட்களை அதட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்கம்மா கிளம்பிட்டே?"

"சபை வரைக்கும் போயிட்டு வந்துடுறேன் அண்ணி. இதைக் கொடுக்கணும்."

"உனக்கென்ன பைத்தியமா? அவன் வர்ற நேரம். பொண்டாட்டி வீட்டுல இல்லைன்னா பார்க்கிறவங்க என்ன சொல்லுவாங்க? வேற யார்கிட்டயாவது கொடுத்தனுப்பு."

"வேற யாருக்கும் இதுல எங்க என்ன இருக்குன்னு தெரியாது அண்ணி."

"நாளைக்குக் கொடுக்கலாம்ல?"

"அஞ்சு மணியோட சரி." செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். "நான் வர்றதுக்குள்ள அவர் வந்துட்டா சொல்லுங்க. அவர் வேலையாத்தான் போயிருக்கேன்னு."

நாத்தனார் திரும்பி, நாற்காலிக்காரனை இன்னும் பலமாக அதட்டினாள்.

வாடகைக் கார் ரயில்வே கேட் இறங்குவதற்குச் சற்று முன்பாக நுழைந்து தப்பித்தது. அவள் சிவப்புப் பென்சிலைக் கையில் வைத்திருந்தாள். அவர் கையெழுத்து அவளுக்கு அத்துப்படி. கைவலி வந்த நாட்களில் அவருடைய கடிதங்களை இவள்தான் எழுதியிருக்கிறாள். அவர் கட்சிக்காரர்களுக்கே வித்தியாசம் தெரிந்ததில்லை. ஓரத்தில் ஒரு வரி எழுதினால் முடிந்தது. தாளை மடியில் விரித்துப் பென்சிலை வைத்தாள்.

ஆனால் மந்திரி சொன்னாரா? அவள் கேட்கவில்லையே. சபையில் யாரும் சொல்லாத ஒரு வார்த்தையை அவர் ஒருநாளும் திருத்தத்தில் சேர்த்ததில்லை. தனக்குச் சாதகமான பிழையைக்கூடச் சரிசெய்து அனுப்பியவர். அவர் போன அன்றைக்கே அவர் பெயரில் முதல் பொய்யை எழுத அவளுக்குக் கை வரவில்லை. பென்சிலைப் பையில் போட்டுவிட்டாள்.

பதிவுப் பிரிவு அதிகாரி அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "அம்மா... நீங்களா? இன்னிக்கா?"

அவள் உறையை நீட்டினாள். அவர் தாள்களைப் புரட்டி மூன்றாவதில் நின்றார்.

"திருத்தம் ஒண்ணும் எழுதலையே. வட்டம் மட்டும் போட்டிருக்காரு."

"வட்டத்துக்கு அர்த்தம் உண்டா?"

"உண்டும்மா. சுருக்கெழுத்துக் குறிப்பேட்டோட ஒத்துப் பாருன்னு அர்த்தம். உறுப்பினர் கேட்டா நாங்க பார்த்தே ஆகணும். ஆனா உறுப்பினர்..." என்று இழுத்தவர் மேசையைப் பார்த்தார்.

அடுத்த மேசையில் இருந்த சுருக்கெழுத்துக்காரி தலையைத் தூக்கினாள். தலை முழுக்க நரைத்த, கறாரான பெண்மணி. "நாளைக்குப் பதினோரு மணிக்குச் சபாநாயகர் அறிவிக்கிற வரைக்கும் நம்ம பட்டியல்ல அவர் உறுப்பினர்தான் சார்" என்றாள். "அந்த நேரம் நான்தான் எழுதினேன். எடுத்துட்டு வர்றேன்."

அவள் உள்ளே போய்த் திரும்புவதற்கு ஆறு நிமிடம் ஆயிற்று. இவள் நின்றபடியே இருந்தாள். ஒருவேளை அதிலும் சிரிப்பென்றுதான் இருக்குமோ? இருந்தால் வீட்டுக்குப் போய் அவர் முகத்தை எப்படிப் பார்ப்பது?

சுருக்கெழுத்துக்காரி குறிப்பேட்டைப் புரட்டி, விரலை வைத்து, உணர்ச்சியில்லாத குரலில் படித்தாள்.

"அமைச்சர், இருக்கையில் இருந்தபடி: இந்த வருஷமே கட்டித் தர்றோம்யா. இனிமேயாவது மனுஷர் உட்காரட்டும். சிரிப்பு." தட்டச்சுத் தாளை எட்டிப் பார்த்தாள். "மைக் இல்லாததால ஒலிப்பதிவுல சிரிப்பு மட்டும்தான் விழுந்திருக்கு. தட்டச்சுல அதைக் கேட்டு, என் வரியை எடுத்துட்டாங்க. அந்தச் சிரிப்புல இன்னொரு வரியும் விட்டுப்போயிருக்கு. உறுப்பினர்: நன்றி. எனக்கு இன்னும் நாற்பது விநாடி இருக்கு. அதை அடுத்தவர் எடுத்துக்கட்டும்."

"இன்னொரு தடவை படிங்க" என்றாள் இவள்.

படித்தாள்.

"நாற்பது விநாடியை விட்டுக்கொடுத்தாரா? அவரா?" அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. காலையிலிருந்து வராத கண்ணீர் பதிவுப் பிரிவில் வந்தது. "ஊர்ல எல்லாரையும் விடுங்க. நான்தான் நம்பலை. நான் நம்பியிருக்கணும்."

அதிகாரி இரண்டு வரியையும் கறுப்பு மையில் ஏற்றினார், முத்திரை குத்தினார், நேரம் எழுதினார். நான்கு ஐம்பத்திரண்டு.

திரும்பும்போது கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி ஒன்று பாதையை அடைத்துக்கொண்டு நகராமல் நின்றது. முன்னால் ஏழெட்டு வண்டிகள். அவற்றில் ஒன்று வெள்ளை ஆம்புலன்ஸ். அதன் பக்கத்தில் மகன் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான். அவள் காரை அனுப்பிவிட்டு நடந்தாள்.

"அம்மா! நீங்க எங்க இங்க?"

"அப்பா வேலையா வந்தேன்."

பின்கதவைத் திறந்து ஏறி, அவர் தலைமாட்டில் உட்கார்ந்தாள். போர்த்தியிருந்த துணியிலிருந்து வலது கை வெளியே வந்திருந்தது. கட்டைவிரலில் சிவப்புப் பென்சில் கறை. துடைக்கப் போய், துடைக்காமல் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏறிடுச்சுங்க" என்றாள். "இந்த வருஷமேன்னு போட்டாச்சு. முத்திரை குத்தினதை என் கண்ணால பார்த்தேன்."

மகன் ஏறி எதிரில் உட்கார்ந்தான். முன் கண்ணாடி வழியே பார்த்தால், பள்ளி விட்ட பெண்கள் அந்தப் பக்கம் கூட்டமாக நிற்பது பெட்டிகளின் இடைவெளியில் தெரிந்தது. இரண்டு மூன்று பேர் பையை முதலில் தள்ளிவிட்டு, குனிந்து இந்தப் பக்கம் வந்தார்கள்.

நெடுநேரம் கழித்து எஞ்சின் ஊதியது. பெட்டிகள் ஒவ்வொன்றாக இழுபட்டுப் போயின. கேட் மேலே எழும்பியதும், காத்திருந்த பெண்கள் எல்லாரும் ஒரே மூச்சில் பாதையில் இறங்கினார்கள். பின்னால் வண்டிகள் கத்தத் தொடங்கின. ஆம்புலன்ஸ் ஓட்டுநரும் ஹாரனில் கையை வைத்தார்.

"அடிக்காதீங்க தம்பி" என்றாள் அவள். "பொண்ணுங்க முதல்ல போகட்டும். இவருக்கு நேரம் இருக்கு."

ஓட்டுநர் கையை எடுத்துக்கொண்டார். பெண்கள் பேசிக்கொண்டே, இரண்டிரண்டு பேராகக் கண்ணாடிக்கு முன்னால் கடந்து போனார்கள். கடைசியாக வந்தவள் தண்டவாளத்தின் நடுவில் நின்று, அவிழ்ந்த காலணி நாடாவைக் கட்டிக்கொண்டு, அவசரமில்லாமல் போனாள்.