வாய் தவறிய 'ஐயா'

எங்கள் குவேக்கர் கிறிஸ்தவக் கூட்டத்தில் யாரையும் 'ஐயா' என்று அழைக்க மாட்டோம். கடவுளுக்கு முன் எல்லாரும் ஒன்று. நீதிபதியானாலும் மாடு மேய்ப்பவனானாலும் 'நீ'தான். என் கணவன் எனோக் வக்கீலாக இருந்த பன்னிரண்டு வருஷமும் நீதிமன்றத்தில் ஐயா சொன்னதில்லை, தொப்பியைக் கழற்றியதில்லை. அதற்காக இரண்டு முறை சிறைக்கும் போனான், பிடிவாதக்காரன். அடிமை முறையை ஒழிப்பேன் என்று சொல்லியே அந்த இலையுதிர் காலத்தில் ஓஹியோ சட்டசபைக்கு ஜெயித்தும் விட்டான்.

கென்டக்கியில் அடிமையாயிருந்து தப்பி வந்த கறுப்புப் பெண் கெசையா நான்கு நாளாக எங்கள் வீட்டில் ஒளிந்திருந்தாள். ஏரிக்கரையில் கப்பலேற்றிவிட்டால் கனடா. பிடிபட்டால் மறுபடி சங்கிலி. என் சாம்பல் நிற உடுப்பை மாட்டி, முகத்திரையும் கையுறையும் போட்டுவிட்டேன். "எவன் வந்தாலும் 'ஐயா' மட்டும் சொல்லிடாதடி. குட்டு உடைஞ்சிடும்" என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன்.

வண்டியில் ஏறும்போதே வந்துவிட்டான் கிராஸ். தப்பி வந்தவர்களைப் பிடித்துக் கொடுப்பதுதான் அவன் பிழைப்பு. இடுப்பில் துப்பாக்கி.

"யாரு இந்தப் பொம்பள?"

"எங்ககூட வர்றவ" என்றான் எனோக்.

கெசையாவின் கையிலிருந்து வேதப்புத்தகம் விழுந்தது. கிராஸ் அதை எடுத்து நீட்டினான்.

"நன்றிங்க, ஐயா."

அடிப் பாவி! என் உயிரே போய்விட்டது. கிராஸின் கை முகத்திரைப் பக்கம் நீண்டது.

"ஐயாவா? குவேக்கர் வீட்டுலயா?"

எனோக் செத்தாலும் பொய் சொல்ல மாட்டான். தொலைந்தோம் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஏன் ஐயா, ஓட்டுக் கேட்டு வாசல் வாசலா ஏறி இறங்கினவன் வீட்டுல 'ஐயா' வராமயா போயிடும், ஐயா?"

எனோக்கின் குரல். கண்ணைத் திறந்தேன். தொப்பி அவன் கையில் இருந்தது.

கிராஸ் வாயைப் பிளந்தான். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். "அடேங்கப்பா! நீதிபதிக்கே வளையாத முதுகு எங்கிட்ட வளையுதே! இன்னொரு தடவ சொல்லு."

"போய்ட்டு வர்றோம், ஐயா."

உச்சி குளிர்ந்துபோனதில் அவன் முகத்திரையை மறந்தே போனான். வண்டி திருப்பம் தாண்டும்வரை எங்கள் மூவருக்கும் மூச்சே வரவில்லை.

அடுத்த கூட்டத்தில் பெரியவர்கள் எனோக்கை எழுப்பி நிறுத்தி, ஐயா சொன்னதற்காகக் கண்டித்தார்கள். "சொன்னது நிஜம்தான்" என்று ஒப்புக்கொண்டு உட்கார்ந்தான். எனக்குத்தான் வயிறு எரிந்தது.

வசந்தத்தில் கனடாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. கோணல்மாணலான எழுத்து, அப்போதுதான் கற்றது.

"எனோக், நீ எப்படி இருக்கே?"

அதற்கு மேல் படிக்க முடியாமல் என்னிடம் நீட்டிவிட்டான்.