தகப்பன் பெயர்

உபதேசியார் பெர்னார்டுக்கு ஒரு கெட்ட பழக்கம். எந்த வாசலில் போய் நின்றாலும் நோட்டைத் திறந்து முதலில் தகப்பன் பெயரைக் கேட்பார். வேதக்கோயில் குடும்பப் பதிவேடு தகப்பன் பெயரில்தான் தொடங்கும். பதினைந்து வருஷமாக எழுதி எழுதி நாக்கும் அப்படியே பழகிவிட்டது. நல்ல காலத்தில் அதனால் ஒரு கேடும் இல்லை. ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில், போனவன் திரும்பாத சயாம் ரயில்பாதை வேலைக்கு ஆள் பிடிக்கிறவனும் நோட்டோடுதான் வந்தான்.

மிஷன் மருந்தகத்தில் நீலாவதி கிடந்தாள். ஆறு வயசு. ராணுவ லாரி மோதிக் கால் நசுங்கிப்போய் ரோட்டோரம் கிடந்தவளை, மாட்டுவண்டிக்காரர் ஒருவர் கொண்டுவந்து சேர்த்திருந்தார். இரண்டு வாரம் காய்ச்சலில் பிதற்றிவிட்டுக் கண் திறந்தவள், கட்டு மாற்ற ஒருவரையும் விடவில்லை.

“எங்கப்பா வந்து ஊதுனாத்தான் வலிக்காது!”

“அப்பா பேரு என்னம்மா?”

“முருகையா. எங்க தோட்டத்துல ஆறு ஓடும்.”

லிங்கிப் பக்கம் ஆறு ஓடாத ரப்பர் தோட்டம் எது? ஆனாலும் பெர்னார்ட் கிளம்பிவிட்டார். டயர் கிடைக்காத காலம். சைக்கிள் சக்கரத்தில் ரப்பர் துண்டுகளைச் சுற்றிக் கட்டிக்கொண்டு தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கினார். மூன்றாவது தோட்டத்தில், கூலிகள் குடியிருக்கும் லயத்து வாசலில் ஒரு பெண் மரவள்ளிக் கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். நோட்டைத் திறந்தார்.

“இங்க முருகையான்னு ஆள் இருக்காரா?”

அவள் கையிலிருந்த கத்தி நின்றது.

“அப்படி ஒருத்தரும் இல்லீங்க ஐயா.”

படபடவென்று பக்கத்துக் கதவுகளும் சாத்திக்கொண்டன. இந்தத் தோட்டம் இல்லை போலும் என்று சைக்கிளைத் திருப்பிவிட்டார். பாவி மனுஷன், பிள்ளை பிழைத்திருக்கிறாள் என்று ஒரு வார்த்தை முதலில் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா!

மற்றத் தோட்டங்களிலும் அதே பதில். எட்டு நாள் அலைந்து ஓய்ந்தபின், பிள்ளையே அடையாளம் காட்டட்டும் என்று நீலாவதியைச் சைக்கிளில் உட்காரவைத்துக் கொண்டுவந்தார். அதே மூன்றாவது தோட்டத்தில் அவள் கூவினாள்.

“அந்தா எங்க லயம்! அம்மா!”

கிழங்கு சீவியவளேதான் அவள் அம்மா. மயிலம்மாள் ஓடிவந்து பிள்ளையை வாரி எடுத்து, தலையைத் தடவினாள், காலைத் தடவினாள், தெய்வமே தெய்வமே என்று அழுதாள். அழுதுகொண்டே பெர்னார்டை நிமிர்ந்து பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

“அன்னைக்கு நோட்டோட வந்தது நீங்கதானே?”

“ஆமாம்மா. ஏன் அப்ப இல்லைன்னீங்க?”

“சயாமுக்கு ஆள் பிடிக்க வந்தீங்கன்னு நெனச்சோம் ஐயா. அவரு ரப்பர் காட்டுலதான் ஒளிஞ்சிருந்தாரு. பேரு நோட்டுல ஏறிடுச்சு, இனி என்னையக் காணலேன்னா உன்னைப் போட்டு அடிப்பானுங்கன்னு சொல்லி, மறுநாளே தானா தோட்டத்து ஆபீசுக்குப் போயி கிராணிகிட்ட நின்னுட்டாரு. ரயிலேத்திட்டானுங்க. காணாமப்போன புள்ள செத்துப்போச்சுன்னு நெனச்சுக்கிட்டே போனாரு ஐயா.”

பெர்னார்ட் நோட்டைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டார்.

உள்ளே பாயில் கிடத்தி, மயிலம்மாள் கட்டை மெல்ல அவிழ்க்கப் போனாள். நீலாவதி காலை இழுத்துக்கொண்டாள்.

“நீ வேணாம். அப்பாவக் கூப்பிடு.”

மயிலம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “நீங்களே சொல்லுங்க ஐயா.”

பெர்னார்ட் பாயருகே மண்டியிட்டார். எப்படிச் சொல்வது? குனிந்து அந்தப் பிஞ்சுக் காலில் மெதுவாக ஊதினார்.

“நீங்க ஊதுனா வலிக்குது,” என்றாள் நீலாவதி.